பெப்சி பாசியும் பணக்காரர் வரியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே அரியமான் கரையில் பாக் நீரிணை, தெற்கே புதுமடத்தில் மன்னார் வளைகுடா. உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்று இந்தக் கடலில் கால் வைத்துவிட்டுப் போன கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பெனி, காப்புரிமை, வரி என்று பேச்சு வந்தால் பாதி உண்மையும் பாதி கேள்விப்பட்டதும் கலந்தே வருகிறது. கேள்விப்பட்டதை நம்பிக்கொண்டு கோபப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறோம், பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம்பிக்கை: "பெப்சி பாசி பெப்சிக்காரன் கண்டுபிடிச்சது. அதுக்குக் காப்புரிமை அவன்கிட்ட இருக்கு."

பெயரில் மட்டும்தான் பெப்சி. கப்பாஃபைகஸ் ஆல்வரேசி என்ற இந்தப் பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். 1980களில் ஜப்பான் வழியாக இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். தலைமையகம் பாவ்நகர், ஆய்வு நிலையம் நம் மண்டபத்திலேயே இருக்கிறது. குஜராத்தின் ஓகா கடலில் வளர்த்துப் பார்த்து, பிறகு மண்டபத்தில் வளர்த்துப் பார்த்து, எந்த ஆழத்தில் எந்த மாதத்தில் எப்படிக் கட்டினால் பிழைக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் அரசுச் சம்பளம் வாங்கிய விஞ்ஞானிகள். அந்தத் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு பெப்சிகோ 2001 வாக்கில் இங்கே வந்தது. 2008இல் தொழிலை அக்வாஅக்ரி என்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் போனது. கம்பெனி இருந்தது ஏழெட்டு வருடம், பெயர் இன்னும் போகவில்லை.

இந்தியச் சட்டப்படி ஒரு செடிக்கோ பாசிக்கோ யாரும் காப்புரிமை வாங்கவே முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு அதைத் தடுக்கிறது. செய்முறைக்கு வாங்கலாம். இந்தப் பாசி விஷயத்தில் அப்படி ஒரு முக்கியமான காப்புரிமை உண்டு. ஈரப்பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் திரவ உரமாகவும், சக்கையைக் கேராஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் முறைக்கு 2005இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வாங்கியது அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு. உரக்கடையில் இஃப்கோ விற்கும் 'சாகரிகா' அந்த வழியில் வந்தது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்ப்பது கேராஜீனன்.

ஆக, கண்டுபிடிப்பு மக்கள் பணத்தில் நடந்தது. அப்படியானால் கம்பெனியின் பலம் எதில் இருந்தது? அதற்குக் கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதவை செய்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று மீட்டர். குறுக்கே இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு நூற்றைம்பது கிராம் விதைப்பாசி. கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை போனால், கடல் ஒத்துழைத்தால், 45 நாளில் 250 கிலோவுக்கு மேல் வரும். மறுபடி கட்ட விதைக்கு 60 கிலோ எடுத்துவைத்துவிட்டு மீதியைக் காயப்போட்டால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். மிதவைக்குச் சுமார் 20 கிலோ. தொடக்கத்தில் காய்ந்த பாசிக்குக் கிடைத்த விலை கிலோ நாலரை ரூபாய். 2013 வாக்கில் அது 35 வரை ஏறியது. நாலரை ரூபாய் விலையில் ஒரு மிதவையின் 45 நாள் உழைப்புக்கு 90 ரூபாய், 35 ரூபாய் விலையில் 700. இந்தக் கணக்கில் காப்புரிமைக்கு எங்கும் வேலையில்லை. முடிச்சுப் போடுகிறவர்கள் ஆயிரம் பேர், வாங்குகிறவர் ஒருவர். விலையை வாங்குகிறவர் சொல்கிறார். கம்பெனியின் பலம் இதுதான். காப்புரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை மறந்துவிடுகிறோம்.

2012-13இல் இந்தக் கரை ஏறக்குறைய 1,500 டன் உலர்ந்த பாசி கொடுத்தது. அடுத்த வருடங்களில் கடல்நீர் சூடாகிப் பாசி கூட்டமாக அழிந்தபோது விளைச்சல் சரிந்தது. நட்டம் மிதவை வைத்திருந்தவர்கள் தலையில் விழுந்தது.

நம்பிக்கை: "நம்ம கடல்ல இருந்து எடுத்துட்டுப் போனதுக்கு அவங்க ஒரு பைசா கொடுக்கல."

இது தவறு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனம் நம் உயிர்வளத்தை எடுத்தால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும், பலனில் பங்கும் கொடுக்க வேண்டும். மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாடுகளுக்கு ஏற்றுமதியான சுமார் 2,000 டன் பாசிக்காகப் பெப்சிகோ 5 சதவீதக் கணக்கில் ஏறக்குறைய 37 லட்சம் ரூபாய் கட்டியது. இந்தச் சட்டத்தின் கீழ் நாட்டில் முதன்முதலாக வசூலான பெரிய தொகைகளில் இது ஒன்று. வகுத்துப் பாருங்கள்: கிலோவுக்கு இரண்டு ரூபாய்கூட வரவில்லை.

பணம் கட்டிய அந்தக் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. வெளிநாட்டுப் பாசி என்பதால் தேசியக் கடல் பூங்காவுக்கு ஆபத்து என்று தமிழக அரசு 2005இலேயே மன்னார் வளைகுடாவின் இந்தப் பகுதியில் அதை வளர்க்கத் தடை போட்டு, பாக் நீரிணைப் பக்கம் ஒதுக்கியது. அதற்குள் அது போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது. பாம்பன் அருகே குருசடைத் தீவில் உயிருள்ள பவளப்பாறைகளின் மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுவதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதைக் கையால் பிய்த்து அகற்றும் வேலை பிறகு வனத்துறைக்கு வந்து சேர்ந்தது. பவளப்பாறை போனால் மீன் போகும், மீன் போனால் புதுமடம், வேதாளை மீனவர் வலை காலியாகும். லாபம் ஒரு நிறுவனத்தின் ஏட்டில் ஏறிவிட்டது; சுத்தம் செய்யும் செலவை வரி கட்டுகிறவர்கள் ஏற்றார்கள்.

அதே கடலில் தலைமுறை தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். புடவைமேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பூங்கா எல்லைக்குள் போனால் பிடிபடும் பயம் இவர்களுக்குத்தான். பாசி பெருகட்டும் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்போம் எனத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். பல்லுயிர்ச் சட்டமோ 2023இல் திருத்தப்பட்டு, மீறுகிற நிறுவனங்களுக்கு இருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டு அபராதமாக மாறிவிட்டது. இது அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நம்பிக்கை: "மஞ்சளை அமெரிக்காக்காரன் எழுதி வாங்கிட்டான். இனி காயத்துல மஞ்சள் வெச்சாலும் கேஸ் போடுவான்."

வேண்டாத பயம். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது உண்மை. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்து, 1997இல் அது ரத்தானது. வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. எந்த நாட்டுக் காப்புரிமையும் அந்த நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். உச்சிப்புளி வீட்டு அடுப்படிக்கு அது வந்ததே இல்லை.

நம்பிக்கை: "காப்புரிமை கொடுத்தாத்தான் புது மருந்து வரும். எதிர்த்தா மருந்தே வராது."

காப்புரிமைக்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. கண்டுபிடித்தவருக்கு இருபது வருடத் தனியுரிமை, அதற்குப் பதிலாக ரகசியத்தை ஊருக்குச் சொல்ல வேண்டும். ஏமாற்று வேலை நடப்பது இருபது வருடம் முடியும் நேரத்தில். பழைய மருந்தின் உப்பை மாற்றி, படிக வடிவத்தை மாற்றி, "புதியது" என்று இன்னொரு இருபது வருடம் கேட்பார்கள்.

இதைத் தடுத்து நிறுத்திய இடம் சென்னை. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளீவெக், ரத்தப் புற்றுநோய் மருந்து. அதன் பீட்டா படிக வடிவத்துக்கான விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் தள்ளியது. பழைய பொருளின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தால்தான் காப்புரிமை என்று சொல்லும் 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போய் 2007இல் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அப்போது நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் புற்றுநோய்க்கு மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் உயிர்.

அந்த வழக்கில் முதலில் ஆட்சேபம் தெரிவித்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கான ஒரு உதவிச் சங்கமும் உண்டு. காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்று நம் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையையும் 2024 மார்ச் விதித்திருத்தம் சுருக்கியது: ஆட்சேபத்துக்குக் கட்டணம், அது ஏற்கத்தக்கதா என்று முதலிலேயே ஒரு வடிகட்டல்.

நம்பிக்கை: "கம்பெனி கேஸ் போட்டா விவசாயி தொலைஞ்சான்."

2019இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட நான்கு விவசாயிகள்மீது, தன் பதிவு பெற்ற எஃப்சி5 ரகத்தை வளர்த்ததாக, ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு இதே பெப்சிகோ வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதமே வழக்கைத் திரும்பப் பெற்றது. விவசாயி தன் விளைச்சலையும் விதையையும் சேமிக்கலாம், விதைக்கலாம், விற்கலாம் என்று பயிர் ரகங்களையும் விவசாயிகள் உரிமையையும் காக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் போட்டு வணிக விதையாக விற்கக் கூடாது, அவ்வளவே. பெப்சிகோ ரகத்தின் பதிவை 2021இல் அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கிவிட்டது. ஒரு தீர்ப்போடு எதுவும் முடிவதில்லை. ஆனாலும் அந்த நான்கு பேரும் தொலைந்துபோகவில்லை.

நம்பிக்கை: "வரி கட்டுறது பணக்காரங்க. நாம இலவசத்துல வாழுறோம்."

செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பாசி எடுக்கும் பெண்ணுக்கும் அதே 18, கம்பெனி முதலாளிக்கும் அதே 18. பெட்ரோல் போட்டால் மத்திய வரியும் மாநில வரியும் சேர்த்தே கொடுக்கிறோம்.

மறுபக்கம் பாருங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைந்தது. புது உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. 2023-24இல் தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது, கம்பெனி வரி 9 லட்சம் கோடியைச் சற்றே தாண்டி நின்றது. தனிநபர்கள் கம்பெனிகளைவிட அதிகம் கட்டினார்கள்.

நம்பிக்கை: "செல்வ வரி போட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணும் வசூலாகல."

1957இல் செல்வ வரி கொண்டுவந்தவர் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 2015இல் அருண் ஜெட்லி எடுத்தார். 2013-14இல் வசூல் சுமார் 1,000 கோடிதான் என்பது காரணம். வசூல் ஏன் குறைந்தது? 1992இலேயே ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைப்படி பங்குகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பெரும் பணக்காரரின் சொத்தில் பெரும்பகுதி பங்குகளில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் நகை, கார், காலி மனைக்கு மட்டும் வரி கேட்டால் இவ்வளவுதான் வரும். வாரிசுச் சொத்துக்கான வரி 1985இலேயே போய்விட்டது. 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கையில் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்கு சொல்கிறது. உலகத்தின் சுமார் 3,000 பில்லியனர்கள் தங்கள் சொத்தில் வருடம் 2 சதவீதம் கட்டட்டும் என்று பொருளாதார அறிஞர் சுக்மான் சொன்ன யோசனையை 2024இல் பிரேசில் ஜி20 மேசைக்கே கொண்டுவந்தது. பங்குகளையும் சேர்த்துச் செல்வ வரியை இங்கே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெல்லியில் நடப்பதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஊரிலேயே செய்ய ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வாங்க வருகிற கம்பெனிகள் அதிகமாகும், விலை யார் சொல்வது என்ற பழைய கேள்வியும் திரும்ப வரும். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். வணிகத்துக்காகத் தன் எல்லையில் உயிர்வளம் எடுப்பவரிடம் கட்டணம் வாங்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு உண்டு. இருமேனி, நாகாச்சி, என்மனங்கொண்டான், புதுமடம், எந்த ஊராட்சியாக இருந்தாலும் அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அதில் இருக்கின்றனவா, அவற்றை எடுக்கும் பெண்களைக் கேட்டு எழுதினார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.