ஏழையர் வீட்டுக்குக் கடன்: அகமதாபாத் தரும் பாடம்

வீடு கட்டக் கடன் கோருபவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு சான்றுகளைக் கேட்கின்றன. ஒன்று வருமானச் சான்று. மற்றொன்று நிலத்தின் உரிமைப் பத்திரம். குடிசைப் பகுதியில் வாழும் காய்கறி விற்கும் பெண்ணிடம் இவ்விரண்டும் இருப்பதில்லை. ஆயினும் அவருக்கு வருமானம் உண்டு. சேமிக்கும் பழக்கமும் உண்டு. அப்பழக்கத்தையே ஈடாகக் கொள்ள இயலுமா?

இதற்கு விடை கண்டது அகமதாபாத்திலுள்ள சேவா வங்கி. இலா பட் 1972-ல் நிறுவிய சுயதொழில் புரியும் பெண்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் சுமார் 4,000 பேர், தலைக்கு 10 ரூபாய் பங்கு மூலதனம் செலுத்தி, 1974-ல் இக்கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். கையெழுத்திடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படமே அடையாளமாயிற்று. தவறாமல் சேமித்து வருதல் கடன் பெறும் தகுதியாயிற்று.

ஏழையின் வீடு ஒரே மூச்சில் எழுவதன்று. ஓராண்டு சுவர், மறு ஆண்டு கூரை, பின்னர் கழிப்பிடம் எனச் சிறிது சிறிதாகவே வளர்கிறது. எனவே, நீண்டகாலப் பெருங்கடனைவிட, சில ஆண்டுகளில் தீரும் சிறு கடனே இதற்குப் பொருந்தும். மேலும், பீடி சுற்றுவோருக்கும் தையல் வேலை செய்வோருக்கும் வீடே தொழிற்கூடம். கூரை ஒழுகினால் அன்றைய கூலி போய்விடும். ஆதலால் வீட்டுக்கடன் இவர்களுக்குத் தொழிற்கடனுமாகும்.

ஆனால், தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கொண்டுவருவது தனியொருவரின் கடனால் ஆகக்கூடியதன்று. அகமதாபாத் மாநகராட்சி 1995-ல் 'பரிவர்த்தன்' திட்டத்தைத் தொடங்கியது. குடிநீர், கழிப்பிடம், சாக்கடை, சாலை, விளக்கு ஆகியவற்றுக்காக ஒவ்வொரு குடும்பமும் ஏறத்தாழ 2,000 ரூபாய் பங்களித்தது. அப்பங்கைச் சேமிக்கவும், முழுத் தொகை இல்லாதோர் கடன் பெறவும் சேவா வங்கி துணைநின்றது. 10 ஆண்டுகளுக்குக் குடியிருப்பை அகற்றுவதில்லை என மாநகராட்சி உறுதியளித்தது. சஞ்சய் நகரில் இத்திட்டம் முதலில் செயற்படுத்தப்பட்டது.

இவ்வுறுதிமொழியின் பயனையும் எல்லையையும் அதிகாரிகள் ஒருங்கே உணர வேண்டும். நாளை இடிக்கப்படலாம் என்று அஞ்சுபவர் இன்று செங்கல் வாங்கமாட்டார். உறுதி கிடைத்தபின் வாங்குவார். எனினும், 10 ஆண்டு உறுதி நில உரிமை ஆகாது. குடியிருப்பு அகற்றப்பட்டால் வீடு போகும். கடன் மட்டும் எஞ்சும். வங்கி பணம் தரலாம். காலடி நிலத்துக்குப் பாதுகாப்பு அரசுதான் தரவேண்டும். ஏழையர் வீட்டுக்கடன் திட்டம் எதுவாயினும், அதன் முதற்படி இதுவே.