பவளத் தொட்டிக்கு எந்த உப்பு?

மீன் கடையில் போய் “நல்ல உப்பு எது சார்?” என்று கேட்டால், இருப்பில் உள்ள வாளியைத்தான் எடுத்து வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேள்வி அப்படி. கேட்க வேண்டியது வேறு: இந்த உப்பைக் கரைத்தால் அல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவு) எவ்வளவு வரும், என் தொட்டியில் இப்போது எவ்வளவு இருக்கிறது? இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிராண்டு எதுவானாலும் பாதகமில்லை. எட்டி நின்றால் விலை உயர்ந்த வாளியும் தலைவலிதான்.

வாளிக்குப் போகும் முன், காசு மிச்சம் பிடிக்கப் பலரும் யோசிக்கும் இரண்டு வழிகளைப் பார்த்துவிடலாம். முதலாவது கல் உப்பு. கடல் தண்ணீர் வற்றி வந்ததுதானே, திரும்பக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாதா? ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தில் தண்ணீர் பாத்தி பாத்தியாக நகரும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படியும், அடுத்து ஜிப்சம், அதற்கப்புறம்தான் சோடியம் குளோரைடு விளையும். உப்பை வாரியபின் தேங்கும் கசப்பு நீரோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். சமையலுக்கு அதுதான் சரி. மெக்னீசியம் தங்கினால் உப்பு கசக்கும், சீக்கிரம் நீர்த்துப்போகும். பவளத்துக்கோ உப்பளம் தள்ளிவிட்டதெல்லாம் வேண்டும். கடலில் கரைந்திருக்கும் உப்புகளின் எடையில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவீதம். மிச்சமுள்ள 15 சதவீதத்துக்காகத்தான் வாளிக்கு அவ்வளவு கொடுக்கிறோம்.

இரண்டாவது கடல் தண்ணீரே. கரையோரம் குடியிருப்பவருக்கு இது நியாயமான யோசனை. சுத்தமான தண்ணீர் கிடைத்தால் இதை மிஞ்ச எந்த வாளியாலும் முடியாது. சென்னையில் அந்த ‘கிடைத்தால்’தான் பிரச்சினை. கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே கேனை முக்கி எடுத்துவந்து தொட்டியில் ஊற்ற யாருக்கும் மனசு வராது. ஊரை விட்டுத் தள்ளிப்போனாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும். மழையும் ஆற்று வெள்ளமும் ஒரு காரணம். அந்த மாதங்களில் வங்கக் கடலின் வடக்கிலிருந்து உப்பு குறைந்த நீர் கரையை ஒட்டித் தெற்கே இறங்குவது இன்னொரு காரணம். வாரா வாரம் வண்டி எடுத்துப்போய்ச் சுமந்துவர ஆள் இருந்தால் செய்யலாம். எனக்கு இடுப்பு முக்கியம்.

ஆகவே வாளி. முதலில் கடலின் கணக்கு. 35 பிபிடி உப்பு, அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. கால்சியம் சுமார் 410 பிபிஎம், மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டி, பொட்டாசியம் 400, அல்கலினிட்டி 7 டிகேஎச் (அல்கலினிட்டியைச் சொல்லும் அலகு). சந்தையில் உள்ள உப்புகளில் ஒரு வரிசை இந்தக் கணக்கை ஒட்டியே போகும். ரெட் சீ நிறுவனத்தின் நீல வாளி, ஜெர்மனியின் டிராபிக் மரின் புரோ ரீஃப் ஆகியவை இந்த ரகம். அல்கலினிட்டி 8-ஐ ஒட்டி நிற்கும். இன்னொரு வரிசை எல்லாவற்றையும் வேண்டுமென்றே தூக்கி வைத்தது. அதே ரெட் சீயின் கோரல் புரோ 12 வரை போகும். இன்ஸ்டன்ட் ஓஷன் 1964-லிருந்து விற்கும் அமெரிக்க உப்பு. அதன் அல்கலினிட்டியும் கடலைவிடக் கூடுதல்தான். அதே நிறுவனத்தின் ரீஃப் கிரிஸ்டல்ஸில் கால்சியமும் கூட்டியிருப்பார்கள். தயாரிப்பாளர்கள் அவ்வப்போது கலவையை மாற்றுவதுண்டு, ஆகையால் வாளியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். அந்த எண்கள் எந்த பிபிடிக்குச் சொன்னவை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 35-ல் 12 காட்டும் உப்பு 33-ல் கரைத்தால் 11.3 தான் காட்டும்.

தூக்கி வைத்த உப்பு எதற்கு? பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியமும் கார்பனேட்டும் குறைகின்றன. 20 பிபிஎம் கால்சியம் இறங்கினால் அல்கலினிட்டியில் 2.8 டிகேஎச் இறங்கும், அதனால் முதலில் கண்ணுக்குத் தெரிவது அல்கலினிட்டிதான். மருந்தாக எதையும் தனியே ஊற்றாமல், தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பி இருப்பவருக்கு இந்த ரகம் இழந்ததைத் திருப்பித் தரும். சில மென்பவளங்கள், நாலைந்து எல்பிஎஸ் (பெரிய பாலிப் கல் பவளங்கள்) உள்ள தொட்டிக்கு இதுவே போதும்.

கால்க்வாசரோ (சுண்ணாம்பு நீர்) டூ-பார்ட்டோ (கால்சியமும் அல்கலினிட்டியும் தனித்தனிக் கரைசலாக) தினமும் சொட்டு விடுபவர் கதை வேறு. அவர் தொட்டி 8-ல் நிலையாக நிற்கிறது என்று வையுங்கள். 100 லிட்டரில் 10 லிட்டரை 12 உள்ள தண்ணீரால் மாற்றினால் 8.4 ஆகும்; யாரும் கவனிக்கப்போவதில்லை. ஊருக்குப் போய்த் திரும்பிய வேகத்தில் 30 லிட்டர் மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 9.2. நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் துடைத்து வைத்திருக்கும் தொட்டியில் ஆக்ரோபோரா பவளத்தின் நுனி வெளுப்பது இப்படியான ஏற்றத்தில்தான். ‘பவளத்துக்கென்றே செய்தது’ என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து எஸ்பிஎஸ் (ஆக்ரோபோரா போன்ற சின்ன பாலிப் கல் பவளங்கள்) தொட்டிக்குக் கோரல் புரோ வகையறாவை வாங்குபவர்கள் நிறைய. பெரும்பாலானோருக்கு நீல வாளி ரகம்தான் பொருந்தும் என்பது என் கட்சி. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு இந்த விவாதமே வேண்டாம், கிடைப்பதில் விலை குறைந்ததை எடுங்கள்.

விலையை வாளிக்கு வாளி ஒப்பிடாதீர்கள். உப்பில் கொஞ்சம் ஈரமும் இருப்பதால் ஒரு லிட்டருக்குச் சுமார் 37 கிராம் பிடிக்கும். ஒரு கிலோவில் 27 லிட்டர். லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோ கிலோவாகக் கவரில் கட்டி விற்பார்கள். அதை நான் தொடமாட்டேன். நுண்துகள் அடியில் இறங்கியிருக்கும், ஒவ்வொரு கவரிலும் ஒவ்வொரு கலவை.

  

இனிக் கரைப்பது. தண்ணீர் ஆர்ஓ-டிஐ ஆக இருக்க வேண்டும், டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம். சமையலறை ஆர்ஓ இதற்கு ஆகாது. சுவைக்காகக் கொஞ்சம் ஆர்ஓ ஆகாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு அதில் இருக்கும். கேன் தண்ணீரும் அப்படித்தான். மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் சுடும், அதனால் இரவிலோ விடியற்காலையிலோ பிடித்து வையுங்கள். சர்க்கரை மாதிரி சூட்டில் நன்றாகக் கரையும் என்று நினைக்கக்கூடாது. கால்சியம் கார்பனேட் சூட்டில் கரையாமல் பிரிந்து வரும். 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது.

20 லிட்டர் கணக்குக்கு வருவோம். உணவுத் தர டிரம்மில் முதலில் தண்ணீர், உள்ளே ஒரு சின்ன பவர்ஹெட் பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உப்பு வாளியை மூடியபடி தரையில் நாலு முறை உருட்டிவிட்டு முதலில் கொஞ்சம் குறைவாகவே 700 கிராம் நிறுத்து எடுங்கள். கப் கணக்கு வேண்டாம். கை கையாகத் தூவுங்கள். உப்பைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு ஏறி, கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே கட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்த வெள்ளைப் பொடி பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. தெளிந்ததும் அளந்து பாருங்கள். 33 காட்டினால் இன்னும் 45 கிராம் போல வேண்டும். மறுபடி ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதிலும் ரகத்துக்கு ரகம் மாறும். ராத்திரி முழுக்கச் சுழலவிடுவது பழைய பழக்கம், பல உப்புகள் அதைத் தாங்கும். கோரல் புரோவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் கலக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அல்கலினிட்டி ஏறிய தண்ணீரை நேரம் போகப்போகச் சுழற்றிக்கொண்டிருந்தால் பம்பின் மேல் வெள்ளையாகப் படியும். படிந்ததெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. சனிக்கிழமை கரைத்து அடுத்த வாரம் ஊற்றும் பழக்கம் உள்ளவர் அல்கலினிட்டி தாழ்ந்த ரகத்தை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளக்கும் கருவி பொய் சொன்னால் இத்தனையும் வீண். ஆடும் முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலும் எண் மாறும். ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீர் விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகி வைப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-ல் தவறலாம். 35-க்கான திரவம் வாங்கிச் சரிபாருங்கள். கைவசம் இல்லையென்றால் 36.5 கிராம் சாதா உப்பை 963.5 கிராம் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். ஒளியை வளைப்பதில் அது 35 பிபிடி கடல் நீருக்குச் சமம். கல் உப்புக்குப் பவளத் தொட்டியில் உள்ள ஒரே வேலை இது.

திறந்த வாளியை என்ன செய்வது? மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை, நம் கரையோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கட்டிதட்டினால் இடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். கட்டிக்குள்ளேயே கார்பனேட் பிரிந்திருந்தால் கரைத்த தண்ணீரில் அல்கலினிட்டி குறைவாகத்தான் வரும், ஆகவே ஊற்றுமுன் சோதியுங்கள். இரண்டு மாதத்தில் தீராத அளவு பெரிய வாளி வாங்கினால், வாங்கிய அன்றே நன்றாக உருட்டிவிட்டு மூடி இறுகும் டப்பாக்களில் பிரித்து வையுங்கள். அடுத்த வாளி வேறு பிராண்டு என்றால், முதல் சில மாற்றங்களுக்குப் பழையதும் புதியதும் பாதிப் பாதியாகக் கரையட்டும்.