பழைய எலெக்ட்ரிக் கார் வாங்குகிறீர்களா? ரீகாலையும் புகாரையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அண்ணன் மகன் டெட்ராய்ட்டிலிருந்து போன் செய்தான். "சித்தப்பா, 2019 மாடல் போல்ட் ஒண்ணு சல்லிசா வருது. ஆனா ஆபீஸ்ல எல்லாரும் அது தீப்பிடிக்கிற கார்னு பயமுறுத்துறாங்க. வாங்கலாமா?"

"நம்பரைச் சொல்லு" என்றேன்.

"பிளேட் நம்பரா?"

"இல்லடா, வின் நம்பர்."

அவனிடம் அது இல்லை. விலை தெரிந்திருந்தது, நிறம் தெரிந்திருந்தது, எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிற பலரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். மாடலின் பெயரைக் கேட்டுப் பயப்படுவார்கள், இல்லையென்றால் விலையைக் கேட்டு மயங்குவார்கள். எதிரில் நிற்கும் அந்த ஒரு காருக்கு என்ன நடந்தது என்று விசாரிப்பவர் குறைவு. அமெரிக்காவில் அதை விசாரிக்க வழி இருக்கிறது, காசும் வேண்டாம். செவர்லே போல்ட்டையே உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம். ரீகால், அதாவது கோளாறுள்ள காரைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் விஷயத்தில் அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

முதலில் போல்ட்டின் கதை

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் காரை மிஷிகனில் உள்ள ஓரியன் ஆலையில் தயாரித்து 2016 டிசம்பரிலிருந்து விற்றது. 2023 முடிவில் அந்தத் தலைமுறை நின்றுபோனது. பேட்டரி செல்கள் கொரியாவின் எல்ஜி நிறுவனத்துடையவை. நிறுத்தி வைத்திருந்த மூன்று கார்களில், பின் சீட்டுக்கு அடியிலிருந்து தீ கிளம்பியதாகத் தகவல் வந்தது. 2020 அக்டோபரில் 'நிட்சா' விசாரணை தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடுத்த மாதமே முதல் ரீகால். 2017 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 68,000 கார்கள். சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டாதபடி சாஃப்ட்வேரில் பூட்டுப் போட்டார்கள். 2021 வசந்த காலத்தில், கோளாறைக் கண்டுபிடிக்கும் புது சாஃப்ட்வேர் வந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பூட்டைத் திறந்தார்கள். ஜூலையில் பார்த்தால், ரிப்பேர் முடிந்த கார்களிலேயே இரண்டு எரிந்திருந்தன! உடனே இரண்டாவது ரீகால். ஆகஸ்டில் மூன்றாவது: 2022 மாடல் வரை, அதன் பெரிய உடன்பிறப்பான போல்ட் இயூவியும் சேர்த்து, தயாரித்த அத்தனை கார்களும். மொத்தம் சுமார் 1,42,000.

காரணம் இரண்டு சிறிய உற்பத்திப் பிழைகள். செல்லுக்குள் இருக்கும் ஆனோடு டேப் என்ற மெல்லிய உலோகத் தகடு கிழிந்திருப்பது ஒன்று. இரு மின்முனைகளையும் ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும் செபரேட்டர் ஏடு மடிந்திருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். ஒரு காரில் 288 செல்கள். இந்தப் பிழைக்குச் சுமார் 200 கோடி டாலர் செலவானது, அதில் 190 கோடி வரை எல்ஜி ஏற்றுக்கொண்டது.

ரிப்பேர் வரும்வரை உரிமையாளர்களுக்குச் சொன்ன யோசனைகளைக் கேளுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். 70 மைல் ஓட்டத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சார்ஜ் முடிந்ததும் வெளியே நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். பொது பார்க்கிங்கில் மற்ற கார்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்றும் பிறகு சொன்னார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர் 50 அடிக்கு எங்கே போவார்?

படி 1: 17 எழுத்தை எழுதி வாங்குங்கள்

வின் என்பது 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம். ஓட்டுநர் பக்கத்து முன் கண்ணாடியின் கீழ் மூலையில், வெளியிலிருந்தே படிக்கும்படி இருக்கும். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய லேபிளிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வின்னில் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்.

பத்தாவது இடம் மாடல் வருடம்: ஹெச் என்றால் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023. விற்பவர் '2020 மாடல்' என்று சொல்லி, பத்தாவது எழுத்து கே-யாக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். போல்ட்டில் இது வெறும் வயசுக் கணக்கு அல்ல. 2019 வரை பேட்டரி 60 யூனிட், 2020 முதல் 66 யூனிட். ரீகாலில் என்ன செய்தார்கள் என்பதும் இந்தக் கோட்டை ஒட்டியே மாறுகிறது.

வின் தர மறுப்பவரிடம் கார் வாங்காதீர்கள். இதற்கு விதிவிலக்கு எனக்குத் தோன்றவில்லை.

படி 2: நிட்சா தளத்தில் போட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

நிட்சாவின் ரீகால் பக்கத்தில் வின்னைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வரும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அந்தப் பக்கம் காட்டுவது *இன்னும் சரிசெய்யப்படாத* ரீகால்களை மட்டுமே. 'பூஜ்யம்' என்று வந்தால் பாக்கி இல்லை என்று பொருள். காருக்கு ரீகாலே வந்ததில்லை என்று பொருள் அல்ல. என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்பதும் அதில் தெரியாது.

போல்ட்டில் இந்த வித்தியாசம் பெரியது. 2017–2019 கார்களுக்குப் பேட்டரி மாட்யூல்களையே மாற்றிக் கொடுத்தார்கள். புதிதாகப் போட்டது 66 யூனிட் ரகம் என்பதால் 238 மைல் கணக்கில் விற்ற கார் 259 மைல் கணக்குக்கு வந்துவிட்டது. மாற்றிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதமும் புதிதாகத் தொடங்கியது. 2020–2022 கார்களில் சிலவற்றுக்கு மட்டும் பேட்டரி மாற்றம் கிடைத்தது. மற்றவற்றுக்கு 2023-ல் வேறு வழி சொன்னார்கள். சாஃப்ட்வேர் ஏற்றுவார்கள். சுமார் 6,200 மைல் ஓடும்வரை சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும். கோளாறு தெரிந்தால் பேட்டரியை மாற்றுவார்கள், தெரியாவிட்டால் பூட்டு தானாகத் திறந்து 100 சதவீதம் கிடைக்கும்.

ஆகவே "ரீகால் முடிஞ்சிருச்சு சார்" என்ற வாக்கியத்தை நம்பி எழுந்துவிடாதீர்கள். எந்த ரீகால் என்று கேளுங்கள். 20வி701 முதலாவது, 21வி560 இரண்டாவது, 21வி650 மூன்றாவது. முதல் இரண்டு எண் வருடம். பேட்டரி மாறியதா, சாஃப்ட்வேர் மட்டுமா என்று கேளுங்கள். வேலை நடந்த ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் எந்த செவர்லே டீலரின் சர்வீஸ் பிரிவுக்கும் போன் செய்து, வின்னைச் சொல்லிப் பழைய வேலைகளைக் கேட்கலாம். சிலர் உடனே சொல்வார்கள், சிலர் இழுப்பார்கள். இழுத்தால் அடுத்த டீலரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு ரீகாலும் பலர் கண்ணில் படாமல் போகிறது. 2022 டிசம்பரில், விபத்தின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியிலிருந்து வரும் சூடான வாயு தரைக் கம்பளத்தைப் பற்றவைக்கலாம் என்று 2017–2023 போல்ட்களைத் திரும்ப அழைத்தார்கள். பேட்டரிக் கூச்சலில் இது அமுங்கிப்போனது. வேலையும் சின்னதுதான், கம்பளத்தில் உலோகத் தாள் வைப்பார்கள். பேட்டரி ரீகாலில் சேராத 2023 மாடல் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இது உண்டு.

படி 3: யாரிடம் வாங்குகிறீர்கள்?

ரீகால் பாக்கியுள்ள புதுக் காரை விற்க அமெரிக்க மத்திய சட்டம் அனுமதிக்காது. வாடகைக் கார் நிறுவனங்கள் அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடவும் கூடாது. ஆனால் பழைய கார் டீலரைத் தடுக்க மத்திய சட்டம் எதுவும் இல்லை! கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். வாடகைக்கு ஓட்டக்கூடாத காரை விலைக்கு வாங்கலாம் என்பதுதான் நிலைமை.

டீலர் கண்ணாடியில் 'பையர்ஸ் கைடு' என்ற தாளை ஒட்டியிருக்க வேண்டும். அதில் 'ஆஸ் ஈஸ்' கட்டத்தில் டிக் இருந்தால் டீலர் தரப்பு உத்தரவாதம் எதுவும் கிடையாது. காரின் டைட்டில் பத்திரத்தையும் பாருங்கள். போல்ட் விவகாரத்தில் பல கார்களை நிறுவனமே உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கியது. அப்படி வந்த கார்கள் மறுபடி சந்தைக்கு வரும்போது சில மாநிலங்களில் பத்திரத்தில் 'திரும்ப வாங்கியது' என்ற முத்திரை இருக்கும், சில மாநிலங்களில் இருக்காது. என் கணிப்பில், திரும்ப வாங்கி, பேட்டரி மாற்றி விற்கப்படும் கார் மோசமான பேரம் அல்ல. விலையில் மட்டும் அது தெரிய வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய, விபத்தில் நசுங்கிய 'சால்வேஜ்' பத்திரம் வேறு கதை. உயர் மின்னழுத்த பேட்டரி தரைக்கடியில் இருக்கும் காரில் அதைத் தொடவே வேண்டாம்.

படி 4: புகார்களைப் படிக்கும் விதம்

நிட்சா பக்கத்தில் மாடலையும் வருடத்தையும் போட்டால் உரிமையாளர்கள் எழுதிய புகார்கள் வரிசையாக வரும். இவற்றை யாரும் சோதித்துச் சான்று தருவதில்லை, அவரவர் எழுதியது எழுதியபடி இருக்கும். நூறு புகாரைப் பார்த்து மிரள வேண்டாம், ஐந்தைப் பார்த்து அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

நான் மூன்று குவியலாகப் பிரிப்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போது சக்தி போவது, புகை, பிரேக், ஸ்டியரிங், தீ எல்லாம் முதல் குவியல். 'ப்ரொபல்ஷன் பவர் ஈஸ் ரெட்யூஸ்ட்' என்ற எச்சரிக்கையோடு கார் மந்தமாவதும் இதில்தான் சேரும், அது பலவீனமான செல்லின் அறிகுறியாக இருக்கலாம். ஒரே வார்த்தைகள், ஒரே மைல் அளவு, ஒரே சூழ்நிலை பல புகார்களில் திரும்பத் திரும்ப வந்தால் கவனியுங்கள். நிட்சா அதிகாரிகளும் அதைத்தான் தேடுகிறார்கள்.

இரண்டாவது குவியல், ரீகாலைப் பற்றிய கோபம். சார்ஜ் வரம்பைக் குறைத்துவிட்டார்கள், பேட்டரிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறேன் என்பவை. 2021-ஐ ஒட்டிய தேதிகளைப் பாருங்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் பேட்டரி மாறிய காரை இன்று வாங்குபவருக்கு அது சரித்திரம்.

மூன்றாவது குவியல், காரின் சுபாவம். போல்ட்டின் முன் சீட் குறுகல், உட்கார்ந்தால் கட்டை. ஹீட் பம்ப் இல்லாததால் மிஷிகன் குளிரில் ஓட்டம் கணிசமாகக் குறையும். வேக சார்ஜ் அதிகபட்சம் 55 கிலோவாட் சுற்றளவுதான். இவை கோளாறு அல்ல, ரீகாலும் வராது. வாங்கும் முன் அரை மணி உட்கார்ந்து பாருங்கள், அவ்வளவே.

படி 5: காரின் அருகே போய்

சார்ஜ் மூடியைத் திறங்கள். மேலே வட்டமான சாக்கெட், அதன் கீழே ஆரஞ்சு மூடியோடு இரண்டு பெரிய துளைகள் இருந்தால் வேக சார்ஜ் வசதி உண்டு. 2021 வரை அது தனியாகக் காசு கட்டி வாங்கும் வசதி, அதனால் பல கார்களில் கிடையாது. பிறகு சேர்ப்பது நடக்காத காரியம். வேறு நகரத்துக்கு ஓட்டிப் போக எண்ணிய சிலர் இதைப் பார்க்காமல் வாங்கி, வீட்டில் பாட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பேட்டரியின் உடல்நிலைக்குச் சுலபமான கணக்கு ஒன்று. முழுச் சார்ஜிலிருந்து எத்தனை யூனிட் செலவானது என்று போல்ட்டின் திரை காட்டும். எத்தனை சதவீதம் மீதி என்பது மைசெவர்லே ஆப்பில் தெரியும். 30 யூனிட் செலவாகிப் பாதி இறங்கியிருந்தால் பேட்டரி 60 யூனிட் தாங்குகிறது. 10 சதவீதம் இறக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தாறுமாறாக வரும், பாதியாவது இறங்க வேண்டும். முழுச் சார்ஜ் போட்டுவைக்கும்படி முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். 80-க்கு மேல் ஏறவில்லை என்றால் சாஃப்ட்வேர் கண்காணிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

படி 6: வாங்கியபின்

ரீகால் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். இரண்டாவது கையாக வாங்கியவருக்கு அது வந்து சேராமல் போவது சகஜம். டைட்டில் மாறிய கையோடு தயாரிப்பாளரின் தளத்திலும் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். நிட்சாவின் சேஃபர்கார் ஆப்பில் வின்னைப் பதிந்தால் புது ரீகால் வரும்போது போனுக்குச் செய்தி வரும். ரீகால் வேலைக்கு உங்களிடம் காசு கேட்கக் கூடாது. முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை, எத்தனை கை மாறினாலும், இலவசம். 'சர்வீஸ் புல்லட்டின்' என்று சொல்வது வேறு: டீலர் மெக்கானிக்குக்குத் தரும் குறிப்பு அது, உத்தரவாதம் முடிந்திருந்தால் காசு உங்களுடையது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. போல்ட் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் சென்னையை அடுத்த ஆலையில் அசெம்பிள் செய்யப்பட்ட ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக்கில் 456 கார்கள், பேட்டரிச் சந்தேகத்துக்காக 2020 டிசம்பரில் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய கோனா பார்க்கிறவர்கள் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைச் சொல்லி ஹூண்டாய் சர்வீஸ் சென்டரில் விசாரிக்கலாம்.

படி 7: புகார் எழுதுவது

காரில் ஏதாவது நடந்தால் சர்வீஸுக்கு விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நிட்சாவிடம் இணையத்தில் எழுதலாம், 888-327-4236 என்ற எண்ணில் சொல்லவும் செய்யலாம். தேதி, மைல், வேகம், எத்தனை சதவீதம் சார்ஜ், சார்ஜரில் இருந்ததா, திரையில் வந்த வாசகம் அப்படியே என்று எழுதுங்கள். திரையைப் படம் எடுங்கள். கோபத்தை டீலரிடம் காட்டுங்கள், புகாரில் விவரம் மட்டும் இருக்கட்டும். டீலர் சரிசெய்து கொடுத்துவிட்டாலும் எழுதுங்கள். அந்த விவரம் அடுத்தவர் காருக்கு உதவும்.

அண்ணன் மகன் அந்தச் சல்லிசான காரை விட்டுவிட்டான். எந்த ரீகால் வேலை முடிந்தது என்ற கேள்விக்கு விற்றவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. பேட்டரி மாற்றிய ரசீதோடு இன்னொரு 2018 கார் வந்தது, அதை வாங்கினான். சீட் மட்டும் கட்டையாக இருக்கிறதாம், குஷன் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான்.