நின்ற இடத்தில் குலுங்கும் பழைய மாருதி 800
அடி அண்ணாமலை பக்கம், கிரிவலக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது வண்டி குலுங்குகிறதா? ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுக்கவில்லையா? எடுத்தவுடன் கார்புரேட்டரில் கைவைக்க விடாதீர்கள். முதலில் ஏர் ஃபில்டர். புழுதி அடைத்திருந்தால் மாற்றுங்கள். இன்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் செலவு பெரிசு. இருப்பதே மூன்று சிலிண்டர், ஒன்று படுத்தாலும் ஸ்டியரிங்வரை ஆடும். ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் வாக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கலாம். மேட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டரைப் பாருங்கள். இன்ஜின் இரைந்தும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும்; அதற்குப் போய் டியூனிங் செய்வது வெட்டிச் செலவு.