தீவனப் பட்டியும் மாட்டுக் கிடையும்

மாடு வளர்ப்பதால் உலகின் வெப்பம் ஏறுகிறது என்ற செய்தி இன்று வகுப்பறை வரை வந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதச் செயல்களால் வெளியேறும் வெப்ப வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பைச் சேர்ந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாட்டினுடையது. இந்தக் கணக்கைச் சீர்காழி வட்டத்து உழவர் வீட்டு மாட்டின் மீதும் அப்படியே ஏற்றலாமா என்பதே நான் ஆராய விரும்பும் பொருள்.

தீவனப் பட்டி என்பது யாது? இறைச்சிக்கென ஆயிரக்கணக்கான மாடுகளை ஓரிடத்தில் அடைத்து, சில திங்கள் தானியமும் பிண்ணாக்கும் ஊட்டிக் கொழுக்க வைக்கும் முறை. அமெரிக்காவில் பெருகிய இம்முறை வெப்ப நாடுகளிலும் பரவியுள்ளது. இந்தோனேசியாவின் லாம்பூங் பகுதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருடன் கப்பலேறி வரும் மாடுகளுக்கு மரவள்ளிக் கழிவும் அன்னாசித் தோலும் கலந்து கொடுக்கின்றனர். நம் நாட்டில் இது பெருவழக்கன்று. நாம் ஏற்றுமதி செய்வது எருமை இறைச்சியே.

மாட்டின் முதல் இரைப்பையில் நார்ப்பொருள் சிதையும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தீவனத்தின் ஆற்றலில் மீத்தேனாக வீணாவது, வைக்கோலும் புல்லும் தின்னும் மாட்டில் சுமார் 6.5 விழுக்காடு, தானியம் தின்னும் பட்டி மாட்டிலோ 3 விழுக்காடே. ஆகவே ஒரு கிலோ இறைச்சிக்கு எவ்வளவு வாயு என்று வகுத்தால், பட்டி மாடே உத்தமம் என்று விடை வருகிறது!

இவ்விடையை நான் ஏற்கவில்லை. நம் பக்கத்து மாடு இறைச்சிக்காகவா வளர்ந்தது? தஞ்சை மாடு எனப்படும் உம்பளச்சேரி இனத்தைப் பாருங்கள். சேற்று உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்ற இனம். கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்ளும். கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் அழைப்பர். திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் இதற்கென அரசுப் பண்ணை உண்டு. இம்மாடு தின்பது வைக்கோலும் வரப்புப் புல்லும். இதற்காக எந்தக் காட்டையும் அழித்துச் சோயா விதைக்கவில்லை.

சாணத்தின் கதை இன்னும் சுவையானது. பட்டியில் சாணத்தை நீர் விட்டுக் கழுவிக் குட்டையில் தேக்கினால், வெப்ப நாட்டில் அதிலிருந்து எழக்கூடிய மீத்தேனில் 80 விழுக்காடு வரை எழுந்துவிடும். வெயிலில் தரையில் விழுந்து காயும் சாணத்திலோ இது 2 விழுக்காடு அளவே. நம் வயல்களில் கோடையில் கிடை போடுகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவில் மாடுகளை அடைத்து வைக்க, நிலத்துக்காரர் கிடைக்காரருக்குக் கூலி தருகிறார். முன்பு நெல்லாகக் கொடுத்தது, இன்று பணம். அங்கே செலவு செய்து அகற்றும் பொருளை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்.

நாட்டு மாட்டில் குறையே இல்லை என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. அதை மட்டுமே தின்னும் மாடு மெதுவாக வளரும், பால் சுருங்கும். ஒரு லிட்டர் பாலுக்கு விழும் மீத்தேன் மிகும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, 21 நாட்கள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் செரிமானம் உயரும். கால்நடைத் துறையினர் நெடுநாளாகச் சொல்லி வருவது இது; செய்வோர் சிலரே.

மாடு தின்னாவிட்டால் அந்த வைக்கோல் எங்கே போகும்? ஐப்பசி மழையில் நனைந்த குறுவை வைக்கோலைச் சேற்றோடு மிதித்து உழுதால், நீர் தேங்கிய வயலில் அதுவும் மீத்தேனாகிறது. கொளுத்தினால் புகை. சம்பா வைக்கோலை இயந்திரம் உருளையாகக் கட்டித் தர, லாரிகள் வெளியூருக்கு ஏற்றிச் செல்கின்றன. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. மாடு இல்லாத வீட்டுக்காரர் அதை ஈடுசெய்ய உரக்கடைக்குப் போகிறார். அங்கே விற்கும் பொட்டாஷ் பெரும்பாலும் கடல் கடந்து வருவது.