கண்புரை நீங்கியபின் காட்சி எத்துணை?

கண்புரை உற்ற முதியோர் சத்திரசிகிச்சைக்கு முன் வினாவுவது ஒன்றே: "மீண்டும் எனக்கு எழுத்துத் தெரியுமா?" வைத்தியர் இதற்கு எங்ஙனம் விடை காண்கின்றார் என்பதை மாணவர் அறிதல் நன்று. வீட்டு முதியோர்க்கு அவ்விடையை விளக்கவேண்டியவர் பெரும்பாலும் அவர்களே.

புரை என்பது கண்ணின்மேற் படரும் தோலன்று. கண்மணிக்குப் பின்னுள்ள வில்லை தெளிவிழந்து மங்குதலேயாம். அதனை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தல் இக்காலச் சிகிச்சை. அதன்பின் அமையும் பார்வை முக்கியமாக இரண்டைப் பொறுத்தது. வைக்கும் வில்லையின் வலு ஒன்று; விழித்திரை, பார்வை நரம்பு ஆகியவற்றின் நலம் மற்றொன்று. புகைப்படக் கருவியின் வில்லை எத்துணைத் தெளிவாயினும், படச்சுருள் பழுதாயின் படம் விழாது அன்றோ?

முன்னையதன் அருமையை வரலாறு காட்டும். 1949ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரல்ட் றிட்லி என்னும் கண் வைத்திய நிபுணர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுள் வைத்தார். கண் அதனை ஏற்றது. ஆயின் வில்லையின் வலு மிகுந்தமையால், நோயாளிக்கு ஏறக்குறைய 18 டயொப்டர் அளவான கடுங் குறும்பார்வை உண்டாயிற்று. இன்று கண்ணின் நீளத்தையும் விழிவெண்படலத்தின் வளைவையும் முன்னரே அளந்து வலுவைக் கணிக்கின்றனர். வளர்ந்தோர் கண்ணின் நீளம் ஏறத்தாழ 23.5 மில்லிமீற்றர். இவ்வளவில் 1 மில்லிமீற்றர் பிழைப்பின் முடிவில் 2.5 டயொப்டர் வரை பிழை நேரும். ஆதலின் ஒளியினால் நுட்பமாக அளப்பர். ஒளி ஊடுருவாத முற்றிய புரையாயின் கழியொலியால் அளப்பர்.

இனி, இரண்டாவது. இளம்புரையாயின் அதனூடே விழித்திரையை நோக்கலாம். நுண்ணெழுத்தைக் காணுதற்குரிய மஞ்சட்பொட்டையும் ஆராயலாம். முற்றிய புரையோ அனைத்தையும் மறைத்துவிடும். அப்போது நாற்றிசையினின்றும் விளக்கொளி காட்டி, "ஒளி எப்பக்கம்?" என வினாவுவர், ஒளி பட்டதும் கண்மணி சுருங்குதலை நோக்குவர், விழித்திரை கழன்றுளதாவெனக் கழியொலியால் அறிவர். இவை நன்றாயினும் மஞ்சட்பொட்டின் நலம் உறுதியாகாது. ஒளியின் திசையை அறிதல் வேறு, எழுத்தை அறிதல் வேறு.

கருவியினும் சிறந்த வினா ஒன்றுண்டு: "புரை வருமுன் இக்கண் எவ்வாறு கண்டது?" இளமைதொட்டே மங்கியிருந்த கண், புரை நீங்கினும் அப்பழைய அளவைக் கடத்தல் அரிது. நீண்டநாள் நீரிழிவும் கண்ணழுத்த நோயும் உளவாயின் அவற்றையும் ஒளியாது கூறல் வேண்டும்.

எனவே முன்கணிப்பு என்பது வாக்குறுதியன்று. பிற பழுதில்லாத கண்ணுக்கு நற்பார்வையை எதிர்பார்க்கலாம். பழுதுள்ள கண்ணுக்கும் பயனில்லையென விடுதல் தகாது. நூல் படிக்க இயலாதாயினும், துணையின்றி முற்றத்தில் நடத்தலும் பேரப்பிள்ளையின் முகத்தை அறிதலும் சிறு பேறல்ல. எதனை எதிர்பார்க்கலாம் என்பதை முன்னரே தெளிந்து செல்பவர் பின்னர் ஏமாற்றமடையார்.