மூக்குக்குத் தெரியாத விஷ வாயுவைப் பிடிக்கும் லேசர்

உங்கள் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இருந்தால், அதற்குள் கடுகளவு செமிகண்டக்டர் லேசர் ஒன்று இருக்கும். சிடியைப் படிக்க அது வீசுவது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு லேசர், காற்றில் கலந்த விஷ வாயுவைக் கண்டுபிடிக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்வோம். நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய அறையில் கரி அடுப்பு எரிந்தால், தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்துவிடலாம். ஆனால் இந்த வாயு 4.6 மைக்ரோமீட்டர், அதாவது 4,600 நானோமீட்டரை ஒட்டிய சில அலைநீளங்களை மட்டும் நன்றாக உறிஞ்சும். மீத்தேனுக்கு 3.3 மைக்ரோமீட்டர் பகுதி. ரேடியோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் இடம் இருப்பதைப் போலத்தான் இதுவும்.

அந்த இடத்துக்கு லேசரை எப்படிக் கொண்டுபோவது? சிடி டிரைவ் லேசரின் அலைநீளத்தை முக்கியமாக அதன் பொருளே தீர்மானிக்கிறது. 1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடரிகோ கபாசோ குழுவினர் குவாண்டம் கேஸ்கேட் லேசரை உருவாக்கினர். அதில் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஏராளமான அடுக்குகள் உண்டு. எலக்ட்ரான் மாடிப்படி இறங்குவதுபோல இறங்கி, படிக்குப் படி ஒளியை வெளிவிடும். அடுக்கின் தடிமனை மாற்றினால் படியின் உயரம் மாறும், அலைநீளமும் மாறும்.

இனி டியூனிங். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சிப் சூடாகி, அலைநீளம் சற்றே நீளும். இப்படி நகர்த்திக்கொண்டே ஒளியைக் காற்றின் வழியே டிடெக்டருக்கு அனுப்புவார்கள். வாயுவுக்குரிய இடத்தில் மட்டும் ஒளி 'சட்'டெனக் குறைந்தால், வாயு இருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் அளவைக் கணக்கிடும்.

டியூனிங் இல்லாமல் ஒரே அலைநீளத்தில் பார்த்தால் என்ன? லென்சில் தூசி படிந்தாலும் ஒளி குறையுமே! ஆனால் தூசி பக்கத்து அலைநீளங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். கூர்மையான பள்ளம் விழுந்தால் அது வாயுவின் வேலை. பொய் அபாய மணி அடிக்காமல் காப்பது இந்த வித்தியாசம்தான்.

2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும் டியூன் செய்யக்கூடிய அகச்சிவப்பு லேசரால்தான் மீத்தேனைத் தேடியது.

வீடுகளில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரங்கள் பெரும்பாலும் விலை குறைந்த வேதி சென்சாரில் இயங்குபவை. அலாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் இயக்காதீர்கள். லேசரைப் பார்க்கும் ஆசையில் சிடி டிரைவையும் திறக்காதீர்கள். அது கண்ணுக்கு ஆபத்து!